குழந்தையின் எடைக் கணக்கு கல்யாணத்துக்கு முன்பே தொடங்குகிறது: புதிதாகத் தாயாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மூத்த மகள் பிறந்தபோது 2.2 கிலோ. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "மாசமா இருந்தப்ப சரியா சாப்பிடலையா?" என்றுதான் கேட்டார்கள். நான் நன்றாகவே சாப்பிட்டேன், மாத்திரைகளையும் ஒழுங்காகப் போட்டேன். ஆனால் கருத்தரித்த மாதத்தில் என் எடை 41 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர், அதைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை, எனக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு முன் 49 கிலோவுக்கு வந்துவிட்டேன், அவன் 2.9 கிலோவில் பிறந்தான். இரண்டாவது பிள்ளை பொதுவாகவே கொஞ்சம் எடை கூடித்தான் பிறக்கும், அதனால் இந்த 700 கிராமும் என் எடையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

போன மாதம் என் சித்தி மகள் போன் செய்தாள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது, எடை 74 கிலோ, "அக்கா, நான் குண்டாத்தானே இருக்கேன், குழந்தை நல்லா கொழுகொழுன்னு பிறக்கும்ல?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒல்லியாக இருப்பவர், பருமனாக இருப்பவர் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் இன்று இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறோம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை, 12, 13 பேர் எடை குறைவு.

முதலில் எடையையும் உயரத்தையும் பாருங்கள்

குழந்தை வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிய மாதமே உங்கள் எடையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலையில், வெறும் வயிற்றில், செருப்பில்லாமல் பாருங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, வரும் எண்ணால் எடையை வகுத்தால் கிடைப்பதுதான் பிஎம்ஐ. என் உயரத்துக்கு 1.55 பெருக்கல் 1.55, சுமார் 2.4. அப்போதைய 41 கிலோவை அதால் வகுத்தால் 17.

18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. உலகப் பொது அளவுகோலில் 25 வரை சரியான எடை, 30-க்கு மேல் உடல் பருமன். ஆனால் நம் போன்ற தெற்காசிய உடம்புகளில் குறைந்த எடையிலேயே சர்க்கரை, கொழுப்புத் தொல்லைகள் தொடங்கிவிடுவதால், இந்திய மருத்துவர்கள் 23-லேயே "கொஞ்சம் கவனமா இருங்க" என்பார்கள், 25-ஐத் தாண்டினால் பருமன் என்றே கணக்கில் எடுப்பார்கள். 155 செ.மீ. உயரத்துக்கு இதைக் கிலோவில் சொன்னால் 44-ஐ ஒட்டி ஒரு கோடு, 55-ல் ஒன்று, 60-ல் ஒன்று.

ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டேன், முந்தைய எடை நினைவில்லையே என்பவர்களும் விட்டுவிட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் எடை பெரிதாக ஏறாது, அதனால் 12 வாரத்துக்குள் பார்த்த முதல் எடையையே தொடக்க எடையாக வைத்துக்கொள்ளலாம். அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கப் பதிவு செய்யும்போது கிராம சுகாதாரச் செவிலியர் எடை பார்ப்பார், அந்த எண்ணை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பத்துக்கு முந்தைய எடை குழந்தைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் காரணம் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கர்ப்பத்தில் தாயின் ரத்த அளவு நன்றாகக் கூட வேண்டும், நஞ்சுக்கொடி வளர வேண்டும். அதன் வழியாகத்தான் குழந்தைக்கு எல்லாமே போகிறது. உடம்பில் சேமிப்பே இல்லாமல் கர்ப்பத்துக்குள் நுழையும் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு சிறியதாகவே அமைந்துவிட வாய்ப்பு அதிகம். நஞ்சுக்கொடிக்கு அடித்தளம் விழும் முதல் வாரங்களில் பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. ஐந்தாம் மாதத்தில் விழுந்து விழுந்து சாப்பிட்டாலும் முழுப் பலன் வராமல் போவதற்கு ஒரு காரணம் இதுதான். அதனால்தான் எடை குறைவான தாய்மார்களுக்கு 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை, குறைப்பிரசவம் இரண்டுமே அதிகம்.

பருமனாக இருப்பவருக்கு வேறு கதை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகவே ஓடும். அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைச் சுரக்கும், அது சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றி வயிற்றிலும் தோளிலும் சேர்க்கும். பிறக்கும்போது "கொழுகொழு" என்று தெரிவது பல சமயம் இந்தக் கொழுப்புதான், தசையும் எலும்பும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிரசவத்தில் தோள் சிக்குவது, பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்குவது எல்லாம் இதன் தொடர்ச்சி. என் சித்தி மகளிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்த இரண்டு கதையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் புனே. அதன் அருகே ஆறு கிராமங்களில் 1993-லிருந்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்ஞிக்கின் குழு கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. அந்தப் பெண்களின் சராசரி எடை 42 கிலோதான், பிஎம்ஐ 18. குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகள் 3.5 கிலோ. இரு தரப்பையும் அளந்து பார்த்தபோது புனே குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சின்னதாக இருந்தன, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சின்னதாகப் பிறந்த குழந்தையை அவசர அவசரமாகக் குண்டாக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தாயின் எடை பல காரணங்களில் ஒன்று. தாய் தந்தை இருவரின் உயரம், பரம்பரை, வீட்டில் சிகரெட் புகை, ரத்தசோகை, ரத்த அழுத்தம், வேலைச்சுமை, எல்லாமே சேரும். "உன்னாலதான் பிள்ளை இப்படி" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

மூன்று மாதம் முன்பாகவே தொடங்குங்கள்

மூன்று மாதம் என்பது நானாகச் சொல்லும் கணக்கு இல்லை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குக் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டி, இன்னொரு குழுவுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றில் செய்த சிற்றுண்டி, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பிறப்பு எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கருத்தரிக்கும் முன் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கீரைச் சிற்றுண்டிக் குழுவின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல். அந்தப் பலனும் மிக ஒல்லியான தாய்மார்களிடம் தெரியவில்லை. அதாவது, உடம்பு மிகவும் வற்றியிருந்தால் ஒரு சிற்றுண்டி போதாது, முழுச் சாப்பாடும் கூட வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இன்னொரு நல்ல செய்தி, கீரைச் சிற்றுண்டிக் குழுவில் கர்ப்பகாலச் சர்க்கரையும் குறைவாகவே வந்தது.

சரி, ஒல்லியாக இருப்பவர் என்ன செய்வது? மூன்று வேளையோடு இரண்டு வேளை சேருங்கள். 11 மணிக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலையும் வாழைப்பழமும், சாயங்காலம் சத்துமாவுக் கஞ்சி அல்லது அவித்த சுண்டல். சோற்றின் அளவை மட்டும் ஏற்றாதீர்கள். முட்டை, மீன், பருப்பு, தயிர், இவற்றில் எது உங்கள் வீட்டில் சுலபமாகக் கிடைக்குமோ அதைத் தினமும் வையுங்கள். நெத்திலி மலிவாகக் கிடைக்கும் ஊர் என்றால் அதைவிட நல்லது எது? மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோ ஏறினால் நல்ல வேகம். நன்றாகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் தைராய்டு, காசநோய், குடல் கோளாறு எதுவும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பருமனாக இருப்பவர் சினிமா நடிகை அளவுக்கு இளைக்க வேண்டியதில்லை. இப்போதைய எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதம் மாறும், பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டித் தொல்லை இருப்பவர்களுக்குச் சினைமுட்டை வெளிவருவதும் சீராகும். 74 கிலோ என்றால் நான்கு முதல் ஏழு கிலோ. தினமும் அரை மணி வேகநடை, சர்க்கரை போட்ட காபி டீயைப் பாதியாகக் குறைப்பது, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பது, தட்டில் பாதி காய், அப்புறம் சோறு. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைத்து அடுத்த மாதமே கருத்தரிப்பது மட்டும் கூடவே கூடாது, சத்தெல்லாம் வற்றிய உடம்பில் குழந்தை தங்கும். குறைத்த எடையில் இரண்டு மூன்று மாதம் நிலையாக இருந்து பிறகு முயற்சி செய்யுங்கள். ஆனால் வயது 35-ஐத் தாண்டிவிட்டால் எடைக்காக வருடக்கணக்கில் காத்திருக்காமல் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

இரண்டு பேருக்கும் பொதுவானது ஃபோலிக் ஆசிட் மாத்திரை. தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன் குறைந்தது ஒரு மாதமாவது. அதிகப் பருமனோ சர்க்கரை நோயோ இருந்தால் மருத்துவர் 5 மில்லிகிராம்வரை எழுதுவார், நீங்களாகக் கூட்டாதீர்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். நம் வீடுகளில் இதை யாரும் கவனிப்பதில்லை.

கர்ப்பத்தில் எவ்வளவு ஏற வேண்டும்

"எல்லோருக்கும் பத்து பன்னிரண்டு கிலோ" என்று ஒரே கணக்கைச் சொல்வார்கள். தொடக்க எடையைப் பொறுத்து அது மாறும். உலகம் முழுக்கப் பயன்படும் 2009-ம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல்படி, எடை குறைவாகத் தொடங்கியவருக்கு 12.5 முதல் 18 கிலோ, சரியான எடையில் தொடங்கியவருக்கு 11.5 முதல் 16, அதிக எடைக்கு 7 முதல் 11.5, உடல் பருமனுக்கு 5 முதல் 9. இது பெரிய உடல்வாகுள்ள பெண்களை வைத்துச் சொன்னது என்பதால் நம் ஊர் மருத்துவர்கள் கீழ்ப்பக்க எண்ணை ஒட்டியே சொல்வார்கள், அதுவே நடைமுறைக்கும் ஒத்துவரும். முதல் மூன்று மாதத்தில் அதிகபட்சம் இரண்டு கிலோ, பிறகு ஒல்லியானவருக்கு வாரம் அரைக் கிலோ, பருமனானவருக்கு வாரம் கால் கிலோவை ஒட்டி.

இங்கேதான் இரண்டு பழைய பேச்சுகள் குறுக்கே வரும். ஒன்று, "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு". தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கர்ப்பிணிக்குக் கூடுதலாகச் சொல்வது தினம் 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை சேர்ந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். இன்னொன்று அதைவிட ஆபத்தானது: "நிறையச் சாப்பிட்டா பிள்ளை பெருசாயிடும், சுகப்பிரசவம் ஆகாது, குறைச்சுச் சாப்பிடு". ஏற்கெனவே ஒல்லியாக இருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்வது அவளுக்கும் பிள்ளைக்கும் செய்யும் கெடுதல். சொல்கிற பாட்டி பாசத்தில்தான் சொல்கிறார், அவரிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் தட்டில் உள்ளதைக் குறைக்காதீர்கள். பருமனானவரும் கர்ப்பத்தில் டயட் இருக்கக் கூடாது, எடை ஏறும் வேகத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையை எந்த எடைக்காரரும் தவிர்க்காதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் எடுக்கலாம் என்ற இந்த எளிய முறையைப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையை 2007-லேயே அரசாணை போட்டு முதலில் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. முதல் முறை போகும்போதே ஒன்று, 24 முதல் 28 வாரத்தில் இன்னொன்று. ஒல்லியானவருக்கு வராது என்று நினைக்காதீர்கள், புனே கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த முதல் இரண்டு வாரம்

முதல் சில நாளில் எந்தக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் குறையும். பிறப்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். என் மகள் மூன்றாம் நாள் 2.05-க்கு வந்தபோது நான் அழுத அழுகைக்கு அளவில்லை. அப்போது யாராவது இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும்.

சின்னக் குழந்தைக்குக் கங்காரு முறை, அதாவது துணி இல்லாமல் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைப்பது, உடல் சூட்டைக் காத்து எடை ஏற உதவும், அப்பாவும் செய்யலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது பால் கொடுங்கள், சின்னக் குழந்தைகள் பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும். பிறந்ததும் நாக்கில் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம்.

பருமனான தாய்மார்களுக்கு ஒரு தனிச் செய்தி. உங்களுக்குப் பால் நிறைந்து சுரக்க மூன்று நாளுக்கு மேல் ஆகலாம். இது தெரியாமல் இரண்டாம் நாளே "பால் இல்லை" என்று டப்பா பாலைத் தொடங்கிவிடுவார்கள், குழந்தை சப்புவது குறையும், சுரப்பதும் அதோடு குறையும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள், நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை. சீம்பால் சில சொட்டுதான் வரும், அந்த நாளுக்கு அது போதும். மார்பு பெரிதாக இருந்து குழந்தைக்குப் பிடிபடவில்லை என்றால், குழந்தையைப் பக்கவாட்டில் உங்கள் கைக்கு அடியில் பிடித்துக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது. போகவில்லை, குழந்தை சோர்ந்து கிடக்கிறது என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள், அப்போது அவர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் குழந்தைக்குச் சர்க்கரை அளவு பார்த்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எடை அட்டையை வாசிப்பது

தாய் சேய் நல அட்டையில் ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனி வளர்ச்சிப் படம் இருக்கும். 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுகள் அவை, தாய்ப்பால் குடித்து வளர்ந்த ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து செய்தது, டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. அதனால் "அது வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கான கணக்கு" என்று ஒதுக்க முடியாது. நடுக்கோட்டில் இருக்கும் ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3, ஆறு மாதத்தில் 7.9, ஒரு வயதில் 9.6 கிலோ. பெண் குழந்தை 3.2, 7.3, 8.9.

ஒவ்வொரு தடுப்பூசிக்கும் போகும்போது எடைப் புள்ளியை வைத்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒரு புள்ளியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம்.

ஒல்லியான தாய்க்குச் சின்னதாகப் பிறந்த குழந்தையின் கோடு கீழே தொடங்கி, முதல் இரண்டு வருடத்தில் மெதுவாக மேலே ஏறும். ஏறட்டும். நீளமும் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். எடை மட்டும் தாவித் தாவி ஏறி நீளம் நின்றுவிட்டால் சேர்வது கொழுப்பு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தண்ணீர்க் கஞ்சி வேண்டாம், பருப்பு மசித்த குழைந்த சோறு, நெய் ஒரு சொட்டு, முட்டை, கீரை, மீன். சர்க்கரையும் பிஸ்கட்டும் எடையை ஏற்றும், வளர்ச்சியைத் தராது. என் மகளுக்கு எட்டாம் மாதம் பிஸ்கட்டைப் பாலில் கரைத்துக் கொடுக்கச் சொல்லி வீட்டில் எவ்வளவோ அழுத்தம், நான் கொடுக்கவில்லை. ஒன்றரை வயதில் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றாள், இன்றும் அங்கேயேதான் நன்றாக ஓடியாடுகிறாள்.

3.8, 4 கிலோ என்று பெரிதாகப் பிறந்த குழந்தையின் கோடு முதல் மாதங்களில் கொஞ்சம் கீழே இறங்கித் தன் பரம்பரைக்குரிய கோட்டில் போய் நிற்கும். பால் பற்றவில்லை என்று பயந்து புட்டியைத் திணிக்க வேண்டாம். ஆனால் இரண்டு கோடுகளைத் தாண்டி இறங்கினாலோ, இரண்டு மாதம் எடை ஏறாமலே நின்றாலோ, படத்தில் புள்ளி எடை குறைவைக் காட்டும் மஞ்சள் பகுதியிலிருந்து மிகக் குறைவைக் காட்டும் ஆரஞ்சுக்கு வந்தாலோ எந்தக் குழந்தையாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்த குழந்தைக்கு

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் குறைந்தது இரண்டு வருடம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் சோறுமாகவே மூன்று மாதம் ஓட்டினால் ஒல்லியான தாய் இன்னும் வற்றிப் போவார், பால் கொடுக்கும் தாய்க்குக் கர்ப்பத்தைவிட அதிகமாக, முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பருமனானவருக்குப் பெரும்பாலும் ஏறிய எடை முழுக்க இறங்குவதில்லை, அப்படியே அடுத்த கர்ப்பத்துக்குப் போனால் சர்க்கரை வரும் வாய்ப்பு போன முறையைவிடக் கூடும். அதனால் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் அன்றைக்கு, அங்கே பெரியவர்களுக்கான எடைக் கருவியும் இருக்கும், குழந்தையை அம்மாவிடமோ வீட்டுக்காரரிடமோ கொடுத்துவிட்டு நீங்களும் ஏறி நில்லுங்கள். வரும் எண்ணை அதே அட்டையின் ஓரத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.